பின்சுவரில் ஓர் ஓட்டை

"அண்ணே, குழாயைப் பின்சுவரோட நிறுத்திடுங்க" என்றார் முதலாளி.

கால்வாய் வரைக்கும் நான் நீலக்கோட்டில் இழுத்திருந்த மழைநீர்க் குழாயை, வரைபடத்தின் நடுவழியில், நகத்தால் வெட்டிக் காட்டினார்.

இந்தத் தொழிலில் எல்லாருக்கும் எல்லாரும் அண்ணன்தான். மண் லாரி ஓட்டுகிறவரும் என்னை அண்ணே என்பார், பத்திரம் எழுதுகிறவரும் அண்ணே என்பார். ஒருமுறை பள்ளம் தோண்டும் இயந்திரம்கூட அப்படிக் கூப்பிட்டது. எண்ணெய் போடச் சொன்னேன், கூப்பிடுவது நின்றுவிட்டது.

"நிறுத்திட்டு?"

"சுவத்துல ஒரு ஓட்டை. தண்ணி தன் வழியைத் தானே பாத்துக்கும்."

பார்த்துக்கொள்ளும்தான். அப்படி விடப்பட்ட ஓர் அடுக்குமாடியில் தண்ணீர் படியேறிப் போய், கதவைத் தட்டி, வழி கேட்டது. லிப்ட் இருப்பதை யாரும் அதற்குச் சொல்லவில்லை.

நான் வடிகால் வரைகிறவன். மனை பிரிப்பவர்கள் நிலத்தைத் துண்டு போட்டுவிட்டு என்னிடம் வருவார்கள். பெய்கிற மழை எங்கே விழுந்து, எந்த வழியாக, எங்கே போய்ச் சேரும் என்று நான் வரைந்து முத்திரை குத்தினால்தான் நகராட்சியில் கதவு திறக்கும்.

என் கைவேலையைப் பற்றி நானே சொல்லக் கூடாது. நான் சரிவு பார்த்து வாட்டம் கொடுத்த ஒரு வடிகாலில் தவறி விழுந்த ஆமை, பேருந்துக்கு முன்னால் அடுத்த ஊர் போய்ச் சேர்ந்தது. நடத்துநர் இன்னும் வருத்தத்தில் இருக்கிறார்.

முதலாளி மனை போடும் இந்த நிலம் முழுக்கப் பின்சுவர்ப் பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. அந்தச் சாய்வை ஏமாற்றித் தண்ணீரைக் கால்வாய்க்குக் கூட்டிப்போகத்தான் இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

"சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு இருக்கே, தம்பி."

"அதுக்குத்தாண்ணே."

முதலாளி சிரிக்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது அங்கேதான். விளையாட்டுக்குச் சொல்கிறவர் சிரித்திருப்பார்.

மனைக்குப் பின்பக்கமும் ஒரு சாலை விட அவருக்கு ஆசை. குறுக்கே நிற்பது அந்த ஒரு வீடு. அக்கம்பக்கத்தில் எல்லாரும் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். அந்த வீட்டுக்காரி மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள். தனி ஆள். தெருவை உயர்த்தி உயர்த்தித் தார் போட்டதில், அவள் வாசல்படி எப்போதோ தெருவுக்குக் கீழே இறங்கிவிட்டது.

"தரகரை விட்டுக் கேட்டாச்சு, ஆசை காட்டியாச்சு. அசைய மாட்டேங்குது" என்றார் முதலாளி. "ரெண்டு மழை உள்ள பூந்துச்சுன்னா, சாவியைத் தானா கொண்டாந்து குடுத்துட்டுப் போகும்."

"முதலாளி நேர்ல போய்க் கேட்டீங்களோ?"

"நான் எப்படிண்ணே போறது?" என்று ஜன்னலைப் பார்த்தார்.

எனக்குக் கோபம் வந்தால் காதில் புகை வரும். போன தடவை யாரோ தீயணைப்பு வண்டிக்குச் சொல்லிவிட்டார்கள். இன்று புகையோடு நிற்கவில்லை. மேசைமேல் ஆறிப்போயிருந்த தேநீர் மறுபடியும் கொதித்து, மேலே ஆடை கட்டியது. நம்பாதவர்கள் தம்ளரைக் கேட்டுக்கொள்ளலாம்.

"பள்ளத்தைப் பாத்துப் பாயறது தண்ணி. அதுக்குப் புத்தி கெடையாது, விட்டுடலாம். மனுசனுமா பள்ளம் பாத்துப் பாயணும்?"

"கத்தாதீங்கண்ணே. வெளியில ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும். உள்ள வந்து உக்காந்து கேக்கட்டும். நாற்காலி பத்தலைன்னா வாடகைக்கு எடுக்கறேன்."

முதலாளி வரைபடத்தை மெதுவாகச் சுருட்ட ஆரம்பித்தார்.

"நீங்க குத்தலைன்னா வேற ஒருத்தர் குத்துவாரு. உங்ககிட்ட மரியாதைக்குத்தான் வந்தேன்."

உண்மைதான். கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் போனது அதனால்தான். என் முத்திரையை நான் விழுங்கி ஏப்பம் விட்டாலும் ஓட்டை விழும். இந்த ஊரில் வரைகிறவர்கள் குறைவு; குத்துகிறவர்கள் மழைக்காலத் தவளை மாதிரி, கல்லைத் தூக்கினால் நாலு பேர்.

சுருளின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். அவர் அந்தப் பக்கம் இழுத்தார், நான் இந்தப் பக்கம் இழுத்தேன். நரைத்த தலை இரண்டும் ஒரு காகிதத்துக்கு மல்லுக்கட்டுவதைக் கதவிடுக்கில் நின்று பார்த்த என் அலுவலகத் தட்டச்சுக்காரி, கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

அப்போது என் கைப்பேசி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டால்தான் என் காதுக்கு ஏறும். ஒரு கையால் சுருளைப் பிடித்துக்கொண்டே, மறுகையால் போட்டேன்.

அழைத்தது, சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி.

"பெரியண்ணே, சின்னண்ணன் அங்கதான் இருக்காராமே, டிரைவர் சொன்னாரு. மனை திறப்பு விழாவுக்குப் போட்டுக்க அவருக்குச் சட்டை தைக்கறேன். கை, தோளெல்லாம் கண்ணளவுலயே வெட்டிட்டேன். கழுத்தளவுதான் எவ்வளவுன்னு தெரியலை. கேட்டுச் சொல்லேன்."

தையல் மெஷின் நிற்கிற சத்தம் கேட்டது. பதிலுக்குக் காத்திருந்தாள்.

என் தம்பி சுருளை விட்டுவிட்டான். அது மேசைமேல் தானாக விரிந்தது.

கைப்பேசியை அவன் பக்கம் தள்ளினேன்.

"தங்கச்சி கழுத்தளவு கேக்கறாடா. சொல்லு."