மேல் பொத்தான்

கழுத்துக் கட்டியை எடுத்துப் பார்த்தால்தான் நல்லதா கெட்டதா என்று தெரியும் என்றார் டாக்டர். கழுத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது என்றாள் நர்ஸ். செண்பகவல்லி தாலியைக் கழற்றி, "கீழ மட்டும் வச்சிராதீங்க" என்று கணவர் தெய்வநாயகத்திடம் கொடுத்துவிட்டு ஆபரேஷனுக்குப் போனாள்.

கண் விழித்தபோது கழுத்தைத் திருப்ப முடியவில்லை. எதிரே நின்ற மனுஷனைத்தான் பார்க்க முடிந்தது. பார்க்கப் பார்க்கச் சந்தேகம் வந்தது. கல்யாண வீட்டுக்கே நெஞ்சைத் திறந்துபோட்டுக்கொண்டு போகிறவர், சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டு வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். கெட்ட கட்டிதான். இல்லாவிட்டால் இந்த ஆளுக்கு இவ்வளவு ஒழுக்கம் எதற்கு?

"எங்கிட்ட என்னத்த மறைக்கிறீங்க?" குரல் வெறும் காற்றாக வந்தது.

"ஒண்ணுமில்லையே."

"குனிங்க."

குனிந்தார். அவள் பொத்தானைக் கழற்றினாள். உள்ளே, நரைத்த முடிக்கு நடுவில், அவளுடைய தாலி தொங்கிக்கொண்டிருந்தது.

"பையில வச்சா விழுந்துரும். கையில வச்சா வேர்க்குது. கீழயும் வைக்கக் கூடாதுன்னுட்ட. வேற எங்கதான் வைக்கிறது, வல்லி?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தையல் இழுத்தது. கண்ணில் நீர் கோத்தது.

"சரி, டாக்டர் என்ன சொன்னாரு?"

"சிரிக்கக் கூடாதுன்னாரு."

"வேற?"

தலையணையைச் சரிசெய்கிற சாக்கில் தெய்வநாயகம் அவள் கண் எட்டாத பக்கத்துக்கு நகர்ந்துகொண்டார். அவள் கையை மட்டும் அந்தப் பக்கம் நீட்டினாள். வந்து பற்றிய கை, ஒரு தலையணையைச் சரிசெய்யத் தேவையானதைவிட அதிகமாக இறுகியிருந்தது.