வாசலைப் பார்த்த கள்ளி

போல்தாவா நகரத்து அடுக்குமாடிச் சமையலறையில் பனிக்கால வெளிச்சம் சாம்பலாய்ப் படிந்திருக்கிறது. முள்ளில்லாத கள்ளியின் இளஞ்சிவப்பு மொட்டுகள் தொட்டிக்கடியில் உதிர்ந்து கிடக்கின்றன. போர்முனையில் காணாமல் போன ஓஸ்தாப் நட்ட செடி. அவன் அம்மா மிரோஸ்லாவா மொட்டுகளைப் பொறுக்கித் தொட்டியை ஒட்டி இருக்கும் தேநீர்த் தட்டில் வைக்கிறாள். “மொட்டு விட்டப்புறம் தொட்டியத் திருப்புனா கொட்டிரும்னு எனக்கே பாடம் எடுப்பியேடி, இப்ப நீயே வாசப் பக்கம் திருப்பி வச்சிருக்க!” என்று கடிந்துகொண்டே பக்கத்து வீட்டு ஸ்தெஃபா, தொட்டியைச் சன்னல் பக்கம் திருப்பப் போகிறாள். “விடுடி. அவன் உள்ள வர்றப்போ பூவெல்லாம் முதுகக் காட்டிக்கிட்டு நிக்கணுமா?” மாடிப்படியில் காலடிச் சத்தம். இருவரும் கதவைப் பார்க்கிறார்கள். காலடி நிற்காமல் மேல்தளத்துக்கு ஏறிப் போகிறது. ஸ்தெஃபா தொட்டியிலிருந்து கையை எடுத்துக்கொள்கிறாள். தட்டின் விளிம்பில் இன்னொரு மொட்டு விழும் மெல்லிய சத்தம் கேட்கிறது.