மஞ்சள் பெயின்டில் ஒரு தேதி

"கோளாறைக் கண்டுபிடிச்சிட்டேன், மிஸ். ஆனா நீங்க ஒத்துக்கப் போறதில்லை."

கண்ணாடி அறைக்குள் தலையை மட்டும் நீட்டினார் எலியோடோரோ பரகான். நாற்பத்தெட்டு வயது. முழங்கை வரை கரி.

ஷூஷான் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் பன்னிரண்டு நிமிடம் பாக்கி இருந்தது. அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். ஃப்ரெஸ்னோவில் புகைக் கோளாறு பார்க்கும் மெக்கானிக்குகளுக்கு அவளிடம்தான் பயிற்சி, அவளிடம்தான் பரீட்சை.

பரீட்சைக்கு முதல் நாள் பயிற்சிக் காரில் அவளே ஒரு கோளாறை வைப்பாள். எழுத வருபவர் அந்தக் காரை உள்ளே ஓட்டி வந்து, ஒரு மணி நேரத்தில் கோளாறு என்னவென்று சொல்ல வேண்டும். கூப்பிடும் வரை அவள் அறையைவிட்டு வரமாட்டாள்.

எலியோடோரோ ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தார். இதுவே கடைசி வாய்ப்பு. தேறினால் திங்கட்கிழமை பள்ளிப் பேருந்துப் பணிமனையில் வேலை. தோற்றால் ஆறு மாத வகுப்பை முதலிலிருந்து படிக்க வேண்டும். வேலை வேறு யாருக்கோ போய்விடும்.

"ஸ்கேனர் என்ன சொல்லுது?" என்றாள்.

"கன்வெர்ட்டர் செத்துப்போச்சுன்னு சொல்லுது."

புகையைச் சுத்தமாக்கும் அந்தப் பாகத்தின் பெயரைக் கேட்டதும் அவள் புருவம் சுருங்கியது. "கன்வெர்ட்டரா?"

"ஆமா. ஆனா பொய் சொல்லுது."

வாசலில் சாய்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த டூவா சிரித்தான். காலையிலேயே தேறிவிட்டவன்.

"என்ன பெரிசு, ஸ்கேனர்கூடச் சண்டையா? பேசாம கன்வெர்ட்டரை மாத்தணும்னு எழுதிட்டுச் சாப்பிட வா."

"போன தடவை அப்படி எழுதித்தான்டா தோத்தேன்."

உண்மைதான். அன்று வகுப்பு முழுவதன் முன்னாலும் ஷூஷான் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினாள். "ஸ்கேனர் கொடுக்கிறது வெறும் புகார், மிஸ்டர் பரகான். விசாரிக்காம தூக்குல போடாதீங்க!"

இப்போது எழுந்து வந்தாள். கார் லிஃப்டில் தலைக்கு மேலே நின்றது. அடிப்பாகம் மட்டும்தான் தெரிந்தது. பின்குழாய் வழியாக எலியோடோரோ சோதனைப் புகையைச் செலுத்தினார். எஞ்சினிலிருந்து இறங்கும் குழாயில், மடிப்பு ஒன்றின் அருகே, மயிரிழை போல் வெள்ளைப் புகை கசிந்தது.

"விரிசல். கன்வெர்ட்டருக்கு முன்னாடி. இது வழியா வெளிக்காத்து உள்ளே போகுது. பின்னாடி இருக்கிற சென்சார் குழம்பிப்போய்க் கன்வெர்ட்டர் மேல பழி போடுது."

"நான் விரிசல் எதுவும் வைக்கலையே."

"தெரியும். இது துருப்பிடிச்சுத் தானா வந்தது. நீங்க வச்சதையும் தேடிட்டேன். இந்தக் கார்ல வேற ஒண்ணும் இல்லை."

"நல்லா யோசிங்க. இதுதான் கடைசித் தடவை."

"யோசிச்சுட்டேன். பாஸாகணும்னு இல்லாத கோளாறை எழுத மாட்டேன், மிஸ். இருக்கிறது இதுதான்."

டூவா விதை கொறிப்பதை நிறுத்தினான்.

எலியோடோரோ டார்ச்சை நகர்த்தினார். "இன்னொண்ணும் பாருங்க. கன்வெர்ட்டர் புத்தம்புதுசு. எச்சரிக்கை விளக்கு எரிஞ்சதும் எந்தக் கழுதையோ விசாரிக்காம மாத்தியிருக்கு. மாத்தின பெருமையில மஞ்சள் பெயின்டால தேதி வேற. 6/9, போன மாசம்தான். அந்த ஒன்பதோட வாலைப் பாருங்க, பன்னி வால் மாதிரி சுருட்டி வச்சிருக்கு. விளக்கு மறுபடியும் எரிஞ்சப்போ அந்த மூஞ்சியைப் பார்த்திருக்கணும்!"

டூவா விழுந்து விழுந்து சிரித்தான்.

ஷூஷான் சிரிக்கவில்லை. அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி வாசலுக்கு வெளியே பார்த்தாள். ஜூலை வெயிலில் இதே மாதிரி இன்னொரு வெள்ளைக் கார் நின்றுகொண்டிருந்தது.

"சாவியை எங்கேருந்து எடுத்தீங்க?"

"பலகையிலேருந்துதான். வெள்ளைக் கார்னு சொன்னீங்க. ஆணியில தொங்குச்சு, எடுத்தேன். ஏன் மிஸ்?"

அவள் அறைக்குள் போய் உட்கார்ந்து படிவத்தை நிரப்ப ஆரம்பித்தாள். எலியோடோரோ கையைத் துணியில் துடைத்தார். சுத்தமான கையை மறுபடியும் துடைத்தார்.

"தப்புன்னா தப்புன்னு சொல்லிடுங்க, மிஸ். வீட்ல போன் பண்ணிக் கேட்டுட்டே இருக்காங்க."

அவள் படிவத்தை நீட்டினாள்.

"திங்கட்கிழமை வேலைக்குப் போறேன்னு சொல்லுங்க."

அவர் படிவத்தை வாங்கினார். "அப்போ நீங்க வச்ச கோளாறு?"

"அது இதைவிடச் சுலபம்." கையை நீட்டினாள். "சாவி."

கொடுத்தார். அவள் அதைப் பலகையில் மாட்டவில்லை. தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"பெரிசு, என்ன போட்டிருக்கு? சத்தமாப் படி!" என்று டூவா கத்தினான்.

எலியோடோரோ படித்தார். தேர்ச்சி. அதன் கீழே ஷூஷானின் கையெழுத்து. பக்கத்தில் இன்றைய தேதி, 7/19.

ஒன்பதின் வால் சுருண்டிருந்தது.