கரண்ட் போகாத ஊர்

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் ஒன்றில் செண்பகமும் அவள் கணவன் வேலாண்டியும் அடுத்தடுத்த தறிகளில் வேலை பார்த்தார்கள். முன்பெல்லாம் தினமும் இரண்டு மணி நேரம் கரண்ட் போகும். தறிகள் நிற்கும், இருவரும் பேசிக்கொண்டே சாப்பிடுவார்கள். ஊரைச் சுற்றிச் சோலார் தகடுகளும் பேட்டரிக் கொட்டகைகளும் வந்த பிறகு கரண்ட் போவதே இல்லை. ஒரு வாரம் விடாமல் மழை பெய்தாலும் தறிகள் ஓடின. அந்தச் சத்தத்தில் சைகைதான் பேச்சு. பன்னிரண்டு மணி நேர வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் படுத்தவுடன் தூக்கம். இப்படியே ஏழு வருடம் போயிற்று.

செண்பகத்துக்கு இன்னும் ஆறு மாதத்தில் காது முழுவதும் கேட்காமல் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். மறுநாள் மத்தியானம் அவள் தறியை விட்டு நடந்துபோய் மெயின் சுவிட்சை இறக்கினாள்.

முப்பது தறிகளும் ஒன்றாக நின்றன. மேஸ்திரி ஞானதுரை ஓடிவந்தார்.

"கரண்டு போயிருச்சா?"

"நான்தாண்ணே நிறுத்துனேன். பத்து நிமிசம் பொறுங்க," என்றவள் கணவனிடம் திரும்பினாள். "எனக்குக் காது போகப் போகுதாம். ஏதாவது பேசுங்க. கேட்டு வச்சுக்கிறேன்."

வேலாண்டி மீசையில் ஒட்டியிருந்த பஞ்சைத் துடைத்துக்கொண்டு, "காலையில சாப்ட்டியா?" என்று கேட்டான்.

"சாப்ட்டேன். இன்னும் பேசுங்க."

சுவிட்சை நோக்கி நீண்ட ஞானதுரையின் கை கீழே இறங்கியது. அவர் நூல் மூட்டையின்மேல் உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டார்.