கேட் திறந்துதான் கிடந்தது

நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் என் தம்பி வன்னியராஜ் என் மகனுடைய பைக்கில் ஏறி உட்கார்ந்திருந்தான். அவன் கை பிரேக் லிவரில் இருந்தது.

"எறங்குடா வண்டியை விட்டு" என்றேன்.

இறங்கினான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரைப் பிடித்து ஏறி அந்தப் பக்கம் குதித்தான். விழுந்த சத்தம் கேட்டது.

என் கேட் திறந்துதான் கிடந்தது. மனசில் கள்ளம் இல்லாதவன் எதற்குச் சுவரேறணும்?

எங்களுக்குள் பேச்சு நின்று ஆறு வருஷம். இந்த வீட்டுக்குக் குடிவந்த பால்காய்ச்சு அன்றைக்கு அவனை முதல் பந்தியில் உட்கார வைக்க மறந்துவிட்டேன். அதற்காகப் பத்துப் பேர் முன்னால், "இனி இந்தக் கேட்டைத் தாண்டிக் கால் வைக்க மாட்டேன். எங்க அம்மா மேல சத்தியம்" என்று சொல்லிச் சாப்பிடாமல் போனான். அதை நான் மறக்கவில்லை.

ஆரியசாலையில் பைக் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறான். மகனுடைய வண்டியை அவனிடம் கொண்டுபோக மனசில்லாமல்தான் புது பிரேக் பேடு வாங்கி வந்து வீட்டிலேயே மாட்டினேன். என் பழைய வண்டிக்கு முப்பது வருஷம் நானே பிரேக் ஷூ மாற்றியிருக்கிறேன். இது டிஸ்க் பிரேக். அதனால் என்ன? பெட்டியில் இருந்த தாளில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. அதை விரித்து அதன்மேல் ஸ்பேனரை வைத்துக்கொண்டேன்.

மாட்டும்போதே சுவருக்கு அந்தப் பக்கம் அவன் குரல். பொண்டாட்டியிடம் சொல்கிற மாதிரி என்னைக் குத்துவது அவன் வழக்கம்.

"சிவகாமி, கேட்டியா? பேடை மாத்திட்டா வேலை முடிஞ்சுதுன்னு சிலபேருக்கு நினைப்பு. பின்னே ஒரு காரியம் உண்டு..."

ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். அவன் இன்னும் கத்தினான். நான் இன்னும் கூட்டினேன்.

இப்போது வண்டியிலேயே கை வைத்துவிட்டான்.

"பிரேக்கை என்னமோ பண்ணிட்டான்" என்றேன் மனைவியிடம். "காலையில பையன் கழக்கூட்டம் போகணும். பைபாஸ்ல பூரா லாரி."

"உங்க தம்பி அப்படிச் செய்வாரா?"

"செய்யாதவன் ஏன் சுவரேறுறான்?"

வெளியே போயிருந்த மகன் மகேஷ்குமார் வந்ததும் லிவரை அமுக்கிப் பார்த்தான்.

"நல்லாப் பிடிக்குதே. பேடு போட்டதும் லிவரை அமுக்கி அமுக்கி விட்டீங்கல்லா?"

"எதுக்கு?"

அவன் முகம் மாறியது.

"பேடை அழுத்துற பிஸ்டனை உள்ளே தள்ளித்தானேப்பா புது பேடு போடுறது? பத்துத் தடவை அமுக்கினாத்தான் அது திரும்ப வெளியே வரும். இல்லேன்னா முதல் பிரேக் பிடிக்காது. காலையில நான் நேரே லாரிக்கு அடியிலதான் போயிருப்பேன். அப்போ இதை யாரு அமுக்கினது?"

ரேடியோவைக் குறைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் சிவகாமி தைலம் தேய்த்தபடி திட்டிக்கொண்டிருந்தாள்.

"முட்டி வலியை வெச்சுக்கிட்டு இந்த வயசுல சுவரேறணுமா? அண்ணன் வீட்டுக் கேட்டு திறந்துதானே கிடந்தது?"

"தாண்ட மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்லா?" என்றான் என் தம்பி.

ரேடியோவை அணைத்தேன். ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய், சுவருக்கு இந்தப் பக்கம் ஆடாமல் போட்டு வைத்தேன்.