ஜோடிச் சொற்கள்

“ஸ்ட்ரோங் டீ. எங்க, இத வச்சு ஒரு வசனம் சொல்லு பாப்பம்.”

சுதர்ஷினி டீச்சர் தன் கோப்பையைத் தூக்கிக் காட்டினாள். கைப்பேசித் திரையில் ஜிப்னா சிரித்தாள்.

“ஷி லைக்ஸ் ஸ்ட்ரோங் டீ, மிஸ்!”

“சரி. பவர்ஃபுல் டீன்னு யாரும் சொல்றதில்ல. எந்தச் சொல்லு எதோட ஜோடி சேரும்னு காது பழகணும். இன்னைக்கு எல்லா வசனமும் ஷி, ஹின்னுதான் வரணும். என்ன?”

“ஓகே மிஸ்.”

ஜிப்னாவுக்கு எல்ல நகரில் ஒரு ஹோட்டல் வேலைக்கு நேர்முகப் பரீட்சை இருந்தது. அதற்காகச் சனிக்கிழமை பகலில் இந்த வகுப்பு. அவள் வாப்பா ஹாஷிம் அந்த நேரம் பதுளை பசாரில் துணிக்கடையில் இருப்பார். கடைக்குப் பின்னாலேயே வீடு.

சுதர்ஷினி இருப்பது தெமோதரைக்கு மேலே மலையில், தேயிலைத் தோட்டத்து குவாட்டர்ஸில். புருஷன் சிவஞானம் வெலிமடைக்குப் போயிருந்தான். தகரக் கூரையில் மழை கொட்டிய சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கைப்பேசியின் ஒலியை முழுதாகக் கூட்டி, சீனி டின்னில் சாய்த்து வைத்திருந்தாள்.

“அடுத்தது, ஹெவி ரெயின்.”

ஜிப்னாவின் முகம் அப்படியே நின்றது.

“என்ன, நெட் போயிருச்சா?”

“இல்ல மிஸ். இருக்கேன்.”

பிறகு ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக, ‘ஹெவி ரெயினில் நனைந்துகொண்டு ஒருவன் வீட்டுக்குள் வந்திருக்கிறான். அங்கே அவளைத் தவிர வேறு யாரும் இல்லை’ என்றாள்.

“அட, கதை மாதிரி இருக்கே! அடுத்தது, கீப் குவயட்.”

‘அவன் கீப்ஸ் குவயட். அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான்.’

சுதர்ஷினி கோப்பையைக் கீழே வைத்தாள். ஜிப்னாவின் உதடு வெளிறியிருந்தது.

“நானே ஒரு ஜோடி சொல்லவா மிஸ்? ஷார்ப் நைஃப்.”

“சொல்லு.”

‘அவன் கையில் ஒரு ஷார்ப் நைஃப். அவனுக்கு இங்கிலீஷ் விளங்காது போலிருக்கிறது.’

சுதர்ஷினி திரைக்குக் கிட்டக் குனிந்தாள். கடவுளே, அந்த வீட்டுக்குள் எவனோ புகுந்துவிட்டான்! தமிழில் சொன்னால் அவனுக்குப் புரிந்துவிடும். அதனால்தான் பிள்ளை பாடம் சொல்வது போலத் தன் நிலைமையைச் சொல்கிறாள்.

பதறக்கூடாது. அவளும் பாடம் நடத்தும் குரலிலேயே, ஆங்கிலத்தில் கேட்டாள்.

“ஃப்ரண்ட் டோர்.” ‘முன்கதவு வழியாக அவள் ஓட முடியாதா?’

‘முடியாது. கதவுக்குக் கிட்ட அவன்தான் நிற்கிறான்.’

“ஆஸ்க் ஃபோர் ஹெல்ப்.” ‘அவள் யாரிடமாவது உதவி கேட்டாளா?’

‘கேட்டாயிற்று. மலையேறி வந்துகொண்டிருக்கிறார்கள். அதுவரைக்கும் அவள் பேச்சை நிறுத்தக்கூடாது.’

மலையேறியா? ஹாஷிமின் வீடு பசார் தெருவில், தட்டையான நிலத்தில் அல்லவா? பயத்தில் பிள்ளைக்குச் சொல் தடுமாறுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

“வெரி குட். அடுத்தது டெல் த ட்ரூத். நல்லா யோசிச்சு, ஆறுதலா சொல்லு” என்று சொல்லிக்கொண்டே, அழைப்பைத் திரையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, ஹாஷிமுக்கு அவசரமாகத் தட்டினாள்: ‘கடையைப் போட்டுட்டு வீட்டுக்கு ஓடுங்க. பிள்ளைக்கு ஆபத்து.’

அனுப்பினாள். கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை.

‘டிங்.’

சத்தம் ஜிப்னாவின் பக்கமிருந்து வந்தது.

திரையைப் பெரிதாக்கினாள். ஜிப்னாவின் தோளை ஒட்டி ஹாஷிம் தெரிந்தார். கடையின் இன்னொரு கைப்பேசியைக் காதில் வைத்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

சுதர்ஷினிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா, வாப்பா பக்கத்திலேயே இருக்கிறார்.

ஆனால் அவர் தன் வீட்டுக்குள் யாரையும் தேடவில்லை. கதவைப் பார்க்கவில்லை. தகப்பனும் மகளும் கண் கொட்டாமல் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிலும் சுதர்ஷினியின் முகத்தை அல்ல. அவள் இடது தோளுக்கு மேலே, கொஞ்சம் பின்னால்.

“டீப் பிரெத், மிஸ்” என்றாள் ஜிப்னா. மீதியை ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள்.

‘திரும்பிப் பார்க்காதீர்கள். அந்த ஷி நான் இல்லை.’