இடது பக்கம்

“எந்தப் பக்கம் தங்கச்சி?” என்று காதோரம் குனிந்து கேட்டாள் தவமலர்.

“இடது பக்கம் அக்கா.”

வேதவல்லியின் கை தாலிக்கொடியை விட்டு இறங்கவில்லை. மடியில் மார்புப் புற்றுநோய் பற்றிய இளஞ்சிவப்புக் கையேடு கிடந்தது. அட்டையில் ஒரு வெள்ளைக்காரி பல் தெரியச் சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று வேதவல்லிக்கு எரிச்சலாக வந்தது.

பக்கத்தில் அவள் கணவர் ஞானரட்ணம், சத்தமில்லாத டிவியையே வெறித்துக்கொண்டிருந்தார். லண்டனில் அவர்கள் இருக்கும் ஹரோவிலிருந்து இவ்வளவு தள்ளி இருக்கிற ஆஸ்பத்திரியில், கோயிலில் காண்கிற முகம் ஒன்று வந்து பக்கத்தில் குந்தும் என்று இருவரும் நினைக்கவில்லை.

“எனக்கும் இதே வருத்தம்தான், பயப்படாதையுங்கோ. கட்டியிலை ஹேர்-டூ எண்ட புரதம் கூடுதல் எண்டு சொன்னவையோ?”

“ஓம். அதுக்கெண்டு தனி ஊசி இருக்காம். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை அக்கா.”

“கீமோ உடம்பிலை உள்ள நல்ல கலத்தையும் சேர்த்து அடிக்கும். இது அந்தப் புரதம் கூட இருக்கிற கலத்தைத் தேடிப்போய்ப் பிடிக்கும். அதாலைதான் எல்லாருக்கும் குடுக்கமாட்டினம். ஆனா சில பேருக்கு இருதயத்தைப் பதம் பாக்கும். அதுதான் முதல்லை இருதயத்தை ஸ்கான் பண்ணிப் பாக்கினம்.”

வேதவல்லி ஸ்கான் அறைக் கதவைப் பார்த்தாள். இருதயம் பலவீனம் என்று ஸ்கானில் வந்துவிட்டால் அந்த ஊசியும் கைவிட்டுப் போய்விடும். பிறகு எதை நம்புவது? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவளுக்கு உள்ளே கதவு சாத்தும் சத்தமே போதுமாக இருந்தது.

அவள் முகத்தைப் பார்த்துத் தவமலர் பேச்சை மாற்றினாள். “அண்ணை, உங்களைக் கோயில் தேர்த்திருவிழாவிலை கண்டனான். அந்த வெயிலுக்கை ஆம்பிளையள் எல்லாம் வெறும் மேலோடை வடம் பிடிக்க, நீங்கள் மட்டும் கோட்டும் போட்டுக்கொண்டு வெளியிலை நிண்டியள்?”

“தடிமன், மூக்கடைப்பு” என்றார் ஞானரட்ணம், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு மனைவியின் பக்கம் சரிந்து, “எழும்பும், வீட்டை போவம்” என்று கிசுகிசுத்தார்.

“விசர்க்கதை கதையாதையுங்கோ.”

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நாளைக்குப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டுத்தான் காரியம் இந்த அளவுக்கு வந்து நிற்கிறது.

“ஞானரட்ணம்!” என்று பாதிப் பெயரை விழுங்கிக் கூப்பிட்டாள் நர்ஸ். இந்த நாட்டில் புருஷனுக்கும் பெண்சாதிக்கும் அதே பெயர்தான். இருவரும் எழுந்தார்கள்.

தவமலர் வேதவல்லியின் கையை அழுத்தினாள். “போட்டு வாங்கோ தங்கச்சி, பிள்ளையார் துணை. அண்ணை, நீங்கள்தான் அவவுக்குத் தைரியம் சொல்லவேணும்.”

ஞானரட்ணம் தலையாட்டிவிட்டு நர்ஸின் பின்னால் நடந்தார்.

உள்ளே ஸ்கான் மெஷின் தயாராக இருந்தது. நர்ஸ் திரையை இழுத்து மூடிவிட்டு ஆஸ்பத்திரி அங்கியை நீட்டினாள். ஞானரட்ணம் இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார்.

வேதவல்லி அங்கியை வாங்கி அவரிடம் போனாள்.

“இஞ்சருங்கோ, கோயில் எண்டு நினைச்சுக்கொண்டு சட்டையைக் கழட்டுங்கோ.”